பச்சைத் தரை

முள்வாரியைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தால் பாசி கொத்தாகச் சுற்றிக்கொண்டு வந்தது. கரைக்குப் பக்கத்தில் வரும்போது பாதி நழுவித் திரும்பக் குளத்துக்கே போனது. வசந்தாமணி மறுபடி விட்டாள், மறுபடி இழுத்தாள். காலைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள், வெயில் மதில்மேல் ஏறி வந்தும் ஒரு மூலைகூடத் தெளிந்தபாடில்லை. குளம் என்று பெயர்தானே ஒழிய, வடவள்ளி வீட்டின் பின்பக்கத்தில் ஒரு கார் நிற்கிற அளவுக்குத் தோண்டிச் சிமென்ட் பூசி, அல்லிச்செடியும் கெண்டைமீனும் விட்டிருந்த தொட்டி. அல்லித் தொட்டிகள் வைக்கிற உள்படி இந்தப் பக்கம் மட்டும் உண்டு, அதில் நின்றால் அவளுக்கு முழங்கால் நனையும். அந்தப் பக்கம் படி கிடையாது, நேராக இடுப்பளவு. பெரியவர்களுக்கு இடுப்பளவு, என்று மனசு சொல்லிப் பார்த்துவிட்டு அதற்குமேல் போகாமல் நின்றுகொண்டது. தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவளுக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு கால்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன, அவ்வளவுதான் தெரிந்தது. பாசியை அன்னக்கூடையில் போட்டு வடியவிட்டாள், வடிந்ததை முருங்கை மரத்தடியில் கொட்டினாள், ஈரத் தலைமுடி மாதிரி அது கிடந்தது, யாருடைய தலைமுடி என்று மனசு கேட்கப் போனது, கேட்க வேண்டாம் என்று திரும்பி வந்தாள். நேற்று போனில் கோகிலா பெங்களூரிலிருந்து, "அந்தக் குளத்த மூடீருங்கம்மா. மண்ணடிச்சு மூடுங்க. அது இருக்கிற வரைக்கும் நான் பாப்பாவ அங்க கூட்டீட்டு வரமாட்டேன்" என்றாள். "செரி கண்ணு" என்றாள் வசந்தாமணி. மகள் அதை எதிர்பார்க்கவில்லை போல, கொஞ்சம் பொறுத்து, "அப்பா சம்மதிப்பாரா?" என்று கேட்டாள். அதற்கும் "செரி" என்றே வாயில் வந்தது. செரி என்று சொன்னவள் மண் லாரிக்குச் சொல்லிவிடாமல் முள்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மூடப் போகிற குளத்தை யாராவது கழுவுவார்களா. கைதான் கழுவியது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவர் நாச்சிமுத்து உட்கார்ந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நாற்காலி. அதே இடம். எடுத்து வேறெங்காவது போட்டிருக்கலாம், அதையும் அவள் செய்யவில்லை.

புல்லும் தண்ணீரும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசைதான். ரிட்டயர் ஆகி வந்த வருஷம் இது தோண்டினது. திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் ஆயுசு முழுக்கச் சாயத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்தவர், தரை தெரிகிற தண்ணீர் ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும் என்றார். "வரப்புக் கட்டாதீங்க மேஸ்திரி, கரையே தெரியக்கூடாது" என்று கூடவே நின்று சொன்னார். அப்போது நன்றாகத்தான் இருந்தது. புல் முடிகிற இடத்தில் வானம் ஆரம்பிக்கும். இந்த வருஷம் பாசி மேலே வந்து, பாசிமேல் வேப்பஞ்சருகு விழுந்து, சருகுக்கு மேலேயும் பாசி ஏறி, பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. எது புல், எது தண்ணீர் என்று அவளுக்கே சட்டென்று தெரியாது. ரெண்டரை வயசுக்கு என்ன தெரியும். அன்றைக்குப் பேத்தி ஆதிரா புல்மேல் நடந்தாள், பாசிமேலும் நடந்தாள், அவளுக்கு ரெண்டும் ஒரே பச்சைத் தரை. ஊரிலிருந்து வந்திருந்த கோகிலா டெய்லர் கடைக்குப் போயிருந்தாள். வசந்தாமணி பருப்புச் சோறு பிசைந்து கிண்ணத்தோடு சமையற்கட்டு வாசலுக்கு வந்தாள். சத்தமே இல்லை. அதுதான். விழுந்தால் தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்க வேண்டாமா. பச்சை திறந்தது, மூடிக்கொண்டது. மஞ்சள் கவுன் கொஞ்சம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அவள் அப்போது குளத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். இதோ எழுந்துவிடுவார், பக்கத்திலேயே இருக்கிறாரே, கை நீட்டினால் எட்டுமே என்று அவரைப் பார்த்தாள். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. காக்கை குளிப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் எங்கே விழுந்தது, எப்படி ஓடினாள், எந்தப் பக்கமாகக் குதித்தாள், எதுவும் ஞாபகத்தில் இல்லை. பாசிக்குள் கையை விட்டுத் துழாவியது இருக்கிறது. வழுவழுவென்று எல்லாமே பிள்ளை மாதிரி இருந்தது, எதுவுமே பிள்ளையாக இல்லை. பிறகு ஒரு குட்டிக் கை. தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்ட, பச்சைத் தண்ணீராக வாந்தி எடுத்துவிட்டுக் குழந்தை வீறிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் பயமில்லை, ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். மறுநாள் குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. எல்லாரும் அழுதார்கள். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து, நின்றபடியே அழுதார். வசந்தாமணி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள். அழுகை வரும் வரும் என்று காத்திருந்தாள். அவர்கள் காரில் ஏறிப் போன பிறகும் காத்திருந்தாள். அது வரவில்லை. அரிசி களைந்தாள், உலை வைத்தாள்.

"அப்பா எங்கம்மா இருந்தாரு அப்போ?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கோகிலா கேட்டாள். "சேர்லயே தூங்கீட்டாரு கண்ணு" என்றாள் வசந்தாமணி. யோசித்துச் சொன்னதில்லை. கேள்வி வந்தது, பதில் போனது. கோகிலா தலையாட்டிக்கொண்டாள். வயசானவர், வெயில் நேரம், கண் அசந்திருப்பார், யாரும் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. மாப்பிள்ளைகூட, "மாமா மனசுல வெச்சுக்காதீங்க" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னார். அவரும், "ஆமா ஆமா" என்றார். அந்த ஆமா ஆமாவையும் அவள் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எதற்கு ஆமா? தூங்கினேன் என்பதற்கா? இப்போதும் பாசியை இழுத்துக்கொண்டே அதைத்தான் பார்த்தாள். ஒரு மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவானா. திகைத்துப் போயிருப்பார், கை கால் வராமல் போயிருக்கும், அப்படி ஆகுமாம். ஆனால் திகைத்த முகம் அப்படி இருக்காது. பட்டறையில் ஒருவன்மேல் கொதிநீர்க் குழாய் வெடித்தபோது எல்லாரும் வெளியே ஓட இவர்தானே உள்ளே ஓடித் தூக்கிக்கொண்டு வந்தார், முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கை நாற்காலிக் கைப்பிடிமேல் சும்மா கிடந்ததே. அப்படியென்றால் வேறென்ன. வேறென்ன என்பதற்குப் பிறகு ஒரு வார்த்தை இருந்தது. அந்த வார்த்தையின் வாசல்வரை போய்விட்டுப் போய்விட்டு அவள் திரும்பினாள். பேத்தி தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடிய ஒருத்தரோடுதான் இத்தனை வருஷமும் ஒரே பாயில் படுத்தேனா. அந்த நினைப்பு வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும் இல்லையா. அடித்துக்கொள்ளவில்லை. அது ஒரு பக்கம் நின்றது, இவள் ஒரு பக்கம் நின்றாள். காலையில்கூட அவருக்கு இட்லி வைத்தாள். சட்னி போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்து ஊற்றினாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து மோட்டார் அறைக்குப் போய், தகர டப்பாவைத் திறந்து ஒரு கை தீனி அள்ளிக்கொண்டு வந்து, அவள் சுத்தம் பண்ணி வைத்திருந்த கொஞ்சத் தண்ணீரில் தூவினார். உருண்டை உருண்டையாகத் தீனி மிதந்தது. கெண்டைகள் வந்தன, ரெண்டு மூன்று வாய் கொத்தின, மற்றதை விட்டுவிட்டுப் போயின. ஒன்று அவள் ஆடுசதையில் உரசிக்கொண்டு போனது. முன்பெல்லாம் அவர் தீனி போடுகிற அழகே வேறு. காலையில் ஒரு தடவை, அதுவும் எண்ணிப் போடுகிற மாதிரி. "அது திங்காம மிச்சம் விட்டா அடியில போயி அழுகும். அழுகுனா அத்தனையும் பாசிக்குத் தீனி. மீனுக்குப் போடறமா, பாசிக்குப் போடறமான்னு பாத்துப் போடோணும் வசந்தா" என்பார். வாரத்துக்கு ஒரு நாள் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழற்றி வெயிலில் போடுவார், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டு நிறம் பார்ப்பார், பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார், அவளுக்கு ஒன்றும் புரியாது, நல்லா இருக்குதுங்க என்பாள். அதெல்லாம் எப்போது நின்றது. ஆடியிலா, அதற்கு முன்னாடியா. ஒரு நாளில் நிற்கவில்லை, அதனால் தெரியவில்லை. ஸ்பாஞ்சைக் கழுவவில்லையா என்று ஒருமுறை கேட்டதற்கு, கழுவியாச்சு என்று எரிந்து விழுந்தார். சண்டை எதற்கு என்று விட்டுவிட்டாள். தண்ணீர் பச்சையானது, பிறகு கெட்டியானது, மூடிக்கொண்டது, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் குனிந்து அடியில் கையை விட்டாள். விரல் முழுக்க உள்ளே போனது. சிமென்ட் தரை தட்டுப்பட வேண்டிய இடத்தில் கூழ் மாதிரி என்னமோ கிடந்தது. ஒரு பிடி அள்ளி மேலே கொண்டுவந்தாள். பழுப்பாக, கொழகொழவென்று, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அழுகல் நாற்றம், அந்த நாற்றத்துக்குள்ளே தெரிந்த ஒரு வாசனை. கருவாட்டுத் தூள் வாசனை. இது சேறில்லை. இது பூராவும் தீனி. இவ்வளவு தீனியா. நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்து மோட்டார் அறைக்குப் போனார், டப்பாவைத் திறந்தார், ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். முதலில் போட்டதே இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"இப்பத்தானுங்க போட்டீங்க" என்றாள். அவர் கையை நீட்டியபடியே நின்றார். "எப்போ?" என்றார். "இப்பத்தான். நான் இங்கதான நிக்கறேன்." அவர் குளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, கல்யாண வீட்டில் பேர் தெரியாதவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "ஆமா ஆமா" என்றார். அவள் கையில் இருந்த கூழ் விரலிடுக்கில் வழிந்தது. ஆமா ஆமா. இதுதான் அது. மாப்பிள்ளை கையைப் பிடித்தபோது சொன்னதும் இதுதான். அவர் போய் உட்கார்ந்தார், தீனியைக் கையிலேயே வைத்திருந்தார், அப்புறம் புல்லில் உதிர்த்துவிட்டார். வசந்தாமணி கரையேறி ஈரக் காலோடு மோட்டார் அறைக்குப் போனாள். தீனிப் பைகள் அடுக்கியிருந்தன. ஒன்று பிரித்திருந்தது. அதன் பக்கத்திலும் ஒன்று பிரித்திருந்தது, அதற்குப் பின்னாலும். எதுவும் முழுசாகத் தீரவில்லை, எல்லாவற்றிலும் வாய் கிழித்திருந்தது. பிரித்தது மறந்து பிரித்தது, போட்டது மறந்து போட்டது. அந்த இருட்டில் நின்றுகொண்டு, பால்காரனை அவர் வேறு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதை நினைத்தாள், பட்டறையில் உடன் வேலை பார்த்த யாரோ பேர், பால்காரன் சிரித்துக்கொண்டே போனான். மருதமலைக் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது நம்ம வீட்டு வளைவைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டே போனதை நினைத்தாள், பேச்சு சுவாரசியத்தில் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னதாகத்தான் இருந்தது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஒரு நாள் வேண்டியிருந்தது, அந்த நாள் இதுதான் போல. பயம் வர வேண்டிய இடத்தில் ஒரு அலுப்பு வந்தது. கால் மாற்றி நின்றாள். பைகளின் வாயை ஒவ்வொன்றாக மடித்து, துணிக்கொடிக் கிளிப்பை எடுத்து மாட்டினாள், மாட்டி என்ன ஆகப் போகிறது என்றும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "வசந்தா" என்றார், சின்னக் குரலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. "என்னங்க." "அந்தக் கொழந்த என்னாச்சு?" அவள் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு அவருக்கு எதிரே புல்லில் உட்கார்ந்தாள். "எந்தக் கொழந்தைங்க?" "அன்னைக்கு இதுக்குள்ள விழுந்துச்சே. நீ எறங்கித் தூக்குனியே. யாரு ஊட்டுக் கொழந்த அது? அவங்கம்மா வந்து கூட்டீட்டுப் போயிட்டாளா?" வசந்தாமணி அவர் கண்ணைப் பார்த்தாள். இத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்த கண். அதில் கெட்டது ஒன்றும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று பேர் மறந்துபோன ஆளுடைய கண் அது. "கூட்டீட்டுப் போயிட்டாளுங்க. நல்லா இருக்குது கொழந்த" என்றாள். "அப்படியா. நல்லவேள நீ வந்த." கொஞ்ச நேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பாத்துட்டுத்தான் இருந்தேன் வசந்தா. என்னமோ பண்ணோணும்னு தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல. அது மனசுக்குள்ள வரவே மாட்டேங்குது. நீ ஓடியாந்து குதிச்ச பொறகு, அட, இதத்தான் பண்ணியிருக்கோணும்னு தெரிஞ்சுது." அவர் முழங்கைத் தழும்பின்மேல் ஒரு பாசி இழை ஒட்டியிருந்தது, எப்போது ஒட்டியது, அதை எடுத்துவிட்டாள். "எவ்வளவு நாளாங்க இப்படி?" என்று கேட்டாள். "தெரியல. சொன்னா நீ பயந்துக்குவ. தானே செரியாயிரும்னு நெனச்சு இருந்தேன்" என்றார். பிறகு இன்னும் குனிந்து, "கோகிலாகிட்டச் சொல்லிராத. பரீச்ச நேரம். படிக்கிற புள்ள மனசு கெட்டுப் போயிரும்" என்றார்.

கோகிலா பரீட்சை எழுதி முடித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அவர் இருக்கிற வீட்டில் கோகிலாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பெங்களூர் இல்லை, மாப்பிள்ளை இல்லை. அந்த வீட்டில் பேத்தி எங்கிருந்து வருவாள். மஞ்சள் கவுன் போட்ட யாரோ ஒரு குழந்தை யாரோ ஒருத்தர் தோட்டத்தில் நடந்து போயிருக்கிறது, இவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வசந்தாமணிக்கு அந்த வார்த்தையின் வாசல் ஞாபகம் வந்தது, அங்கே இனிமேல் போக வேண்டியதில்லை. நிம்மதி என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு பயத்தை இறக்கி வைத்த கையில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது, இது அதைவிடக் கனம், அதைவிட நாள்பட்டது, ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு யாரிடமாவது போகலாம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், சாப்பாட்டு மேசைமேல் இருந்த போனை எடுத்தாள். கோகிலா ஆபீஸில் இருந்தாள், பின்னால் பேச்சுச் சத்தம். "என்னம்மா, மண்ணுக்குச் சொல்லீட்டீங்களா?" என்றாள். "இல்ல கண்ணு. நான் உங்கிட்ட ஒண்ணு பொய் சொல்லீட்டேன்" என்றாள் வசந்தாமணி. "அப்பா அன்னைக்குத் தூங்கல." அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் நின்றது. அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கண் திறந்திருந்ததைச் சொன்னாள். தீனியைச் சொன்னாள், பைகளைச் சொன்னாள். குரல் எங்கேயும் உடையவில்லை, கடைக்குச் சாமான் சொல்லுகிற மாதிரியே வந்தது, அதை அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சையைச் சொல்லும்போது மட்டும் ஒரு இடத்தில் நின்று, மறுபடி எடுத்துச் சொன்னாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "அப்பாகிட்டக் குடுங்கம்மா" என்றாள் கோகிலா. வசந்தாமணி ஸ்பீக்கரைப் போட்டுத் தோட்டத்துக்கு எடுத்துப் போய் அவர் முன்னால் பிடித்தாள். "கோகிலா பேசறா." அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டார். "கோகிலாவா? சாப்டியா சாமி? பரீச்ச எப்படி எழுதுன?" என்றார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. வசந்தாமணி போனை அவருக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "நல்லா எழுதீருக்கேம்ப்பா" என்றாள் கோகிலா. "செரி செரி. அவசரப்பட வேண்டாம். லீவு உட்டதும் வந்துரு" என்றார் அவர். "நாளைக்கே லீவுதாம்ப்பா" என்றாள்.